40 பில், 40 வரவு, ஆனால் வருமானம் இரண்டு மடங்குக்கும் மேல்: எந்த பில்லை அழிப்பது?

வடிவக்காரன் · ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன வடிவமைப்பு நிறுவனம். இவ்வளவு நாளும் பில் எல்லாம் எக்செலில்தான். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு திறமூல மென்பொருளுக்கு மாறினோம். வாடிக்கையாளர் பட்டியல், மதிப்பீடு, பில், கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். நிறுவித் தந்தவர் முதல் இரண்டு மாதம் கூட இருந்தார், அப்புறம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். எங்களில் யாருக்கும் கணக்குப் படிப்பு கிடையாது.

பில் போடுவது நன்றாகவே ஓடுகிறது. பிடிஎஃப் அழகாக வருகிறது. மாதக் கடைசியில் வங்கி அறிக்கையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி உள்ளே ஏற்றுவேன். ஒவ்வொரு பதிவுக்கும் எந்தக் கணக்கு என்று மென்பொருள் கேட்கும், தேர்ந்தெடுத்துக்கொண்டே போவேன்.

நேற்றுதான் முதல் முறையாக லாப நட்டக் கணக்கைத் திறந்து பார்த்தேன். விற்பனை வருமானம் 10,60,950 என்கிறது. என் எக்செலில் வரி நீங்கலாக 5,00,000. சரியாக இரண்டு மடங்கு என்றாலாவது ஏதோ புரியும், இது அதற்கும் மேலே நிற்கிறது. இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் கடனாளிகள் 5,50,000. எல்லோரும்தான் பணம் கொடுத்துவிட்டார்களே! 40 பில் போட்டேன், வங்கியில் 40 வரவு. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எங்கேயோ பில்கள் இரண்டு முறை ஏறிவிட்டன என்று நினைத்து முதல் மாதத்து 11 பில்களை அழிக்கப் பார்த்தேன். பதிந்த பில்லை அழிக்க முடியாது என்றது. வரைவுக்குத் திருப்பப் பார்த்தால் அந்தக் காலம் பூட்டப்பட்டிருக்கிறது என்றது. தரவுத்தளத்துக்குள் நேராகப் போய் அழிக்க வழி இருக்கிறதா? அந்தத் தரவுத்தளத்தின் (போஸ்ட்கிரெஸ்) கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது.

தரவுத்தளத்தான் · ஞாயிறு, இரவு 9.20

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. தயவுசெய்து அந்தக் கடவுச்சொல்லை இன்றைக்கு மறந்துவிடுங்கள்.

நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். பில் ஓர் அட்டவணையில் இருக்கும், அதன் பேரேட்டுப் பதிவுகள் (எந்தக் கணக்கில் எவ்வளவு என்பவை) வேறொன்றில், எந்தப் பணம் எந்த பில்லுக்கு என்ற பொருத்தம் மூன்றாவதில். எல்லாவற்றையும் தேடி அழித்ததாகத்தான் நினைத்தேன். பற்று (டெபிட்) பக்கம் போய்விட்டது, வரவு (கிரெடிட்) பக்கத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டது. அடுத்த நாள் இருப்பாய்வு, அதாவது மொத்தப் பற்றும் மொத்த வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல், ஒத்துவரவில்லை. மூன்று நாள் முடியைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் பேக்கப்பிலிருந்து மீட்டு, இடையில் செய்த வேலையெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

முதலில் ஒரு பேக்கப் எடுங்கள். அதை வேறொரு இடத்தில் ஏற்றி, அது திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி எதிலும் கை வைக்காதீர்கள். அப்புறம் பேசலாம்.

வரிசையெண் · ஞாயிறு, இரவு 9.41

பில்லை அழிக்க விடாதது அந்த மென்பொருளின் கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பல நாடுகளின் வரிச் சட்டம் பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/112 மதிப்புக்கூட்டு வரி உத்தரவை எடுத்துக்கொண்டால், 226ஆம் பிரிவில் பில்லில் இருக்க வேண்டியவற்றுள் வரிசை எண்ணும் ஒன்று. 17க்கு அப்புறம் 19 வந்தால், 18 எங்கே போனது என்று தணிக்கை செய்பவர் கேட்பார். கையால் பில் எழுதிய காலத்திலும் தவறான தாளைக் கிழித்து எறிய மாட்டார்கள், குறுக்கே கோடு போட்டு புத்தகத்திலேயே வைத்திருப்பார்கள்.

இஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருளில் ஓர் ஆவணத்துக்கு மூன்றே நிலைதான்: வரைவு, சமர்ப்பித்தது, ரத்தானது. ரத்துசெய்ததைத் திருத்திப் புதிதாக எடுத்தால் பழைய எண்ணோடு "-1" ஒட்டிக்கொண்டு வரும். எது எதிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

பேரேட்டுக்காரி · ஞாயிறு, இரவு 10.05

பில் எதுவும் இரண்டு முறை ஏறியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஊகத்தில் பேச வேண்டாம். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பணம் வந்துவிட்ட ஒரு பில்லைத் திறந்து, அதன் கீழே இருக்கும் பேரேட்டுப் பதிவை அப்படியே இங்கே எழுதுங்கள். எந்தக் கணக்கில் பற்று, எதில் வரவு, எவ்வளவு. அடுத்து, அதே பில்லுக்கான பணம் வங்கியில் வந்த பதிவைத் திறந்து அதையும் எழுதுங்கள். கடைசியாக, நான்கு மாதத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து வங்கிக்கு வந்த மொத்தத் தொகை.

வடிவக்காரன் · ஞாயிறு, இரவு 10.38

நன்றி அக்கா. எங்கள் வரி 10 சதவீதம்.

பில் 007: கடனாளிகள் பற்று 11,000. விற்பனை வரவு 10,000. செலுத்த வேண்டிய வரி வரவு 1,000.

வங்கிப் பதிவு: வங்கி பற்று 11,000. விற்பனை வரவு 11,000.

வங்கிக்கு வந்த மொத்தம் 5,60,950.

எழுதும்போதே ஏதோ உறைக்கிறது. ஆனால் சரியாக என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

பேரேட்டுக்காரி · ஞாயிறு, இரவு 11.02

10,60,950இலிருந்து 5,60,950ஐக் கழியுங்கள். உங்கள் எக்செல் சொல்லும் 5,00,000 வந்துவிடும்.

பில்லைப் பதிந்த நிமிடமே விற்பனை கணக்கில் ஏறிவிட்டது. பணம் வராவிட்டாலும் ஏறும். அந்தப் பணத்தை வாடிக்கையாளர் உங்களுக்குத் தர வேண்டும் என்பதைத்தான் கடனாளிகள் கணக்கில் இருக்கும் 11,000 சொல்கிறது. பிற்பாடு பணம் வரும்போது புதிதாக எதையும் நீங்கள் விற்கவில்லை. அவர் தர வேண்டியதைத் தந்தார், அவ்வளவுதான். அதனால் வங்கி பற்று 11,000, கடனாளிகள் வரவு 11,000 என்று போயிருக்க வேண்டும். இந்த வரவு அந்தப் பற்றைத் துடைத்துவிட்டு பில் "செலுத்தப்பட்டது" என்று மாறும்.

நீங்கள் வங்கிப் பதிவை ஏற்றியபோது எந்தக் கணக்கு என்று மென்பொருள் கேட்டது. விற்பனைப் பணம்தானே என்று விற்பனையைக் காட்டிவிட்டீர்கள். அதனால் ஒரே வேலைக்கு இரண்டு வருமானம், கடனாளிகள் கணக்கில் யார் கடனும் தீரவில்லை. 5,50,000 அப்படியே நிற்பதற்கு அதுதான் காரணம்.

இரண்டு மடங்குக்கு மேல் போனதற்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. பில் வழியாக ஏறியது வரி நீங்கலான 10,000. வங்கி வழியாக ஏறியது வரியும் சேர்ந்த 11,000. அரசுக்குக் கட்ட வேண்டிய வரியையும் நீங்கள் சம்பாதித்ததாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் வரி அறிக்கை கெட்டிருக்காது. அது பில்லில் இருக்கும் வரிக் குறியீட்டை வைத்துத்தான் தயாராகும். உங்கள் வங்கிப் பதிவுகளில் வரிக் குறியீடு இல்லை. முதல் மாதத்து 11 பில்களை மட்டும் அழித்திருந்தீர்கள் என்றால், ஏற்கெனவே கொடுத்த அறிக்கைக்கும் கணக்குக்கும் தொடர்பே இல்லாமல் போயிருக்கும்.

தரவுத்தளத்தான் · ஞாயிறு, இரவு 11.08

பேரேட்டுப் பதிவில் "வரி", வங்கி அறிக்கையில் "வரி", அரசுக்குக் கட்டும் "வரி". மென்பொருளைத் தமிழாக்கம் செய்தபோது எந்த வரி எந்த வரி என்று குழம்பியே ஒரு வாரம் போனது எனக்கு. அக்கா கவனமாக "பதிவு" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருக்கும் அந்த அனுபவம் இருக்கும்போல.

தனியாள் · திங்கள், காலை 7.30

நான் தனியாக வேலை செய்பவன், கொஞ்சம் மாறுபடுகிறேன். பணம் கைக்கு வந்தால் வருமானம், வராவிட்டால் இல்லை. ரொக்க அடிப்படை என்பது இதுதானே? சிறு தொழில்களுக்கு இதை அனுமதிக்கும் நாடுகள் உண்டு. அப்படிப் பார்த்தால் வடிவக்காரன் வங்கிப் பதிவை விற்பனையில் போட்டது சரி. பில்தான் கணக்குக்குள் வந்திருக்கக் கூடாது. பில்லை வெறும் தாளாக வைத்துக்கொண்டு, வங்கியை மட்டும் கணக்கு எழுதலாமே? மூன்று பேர் நிறுவனத்துக்கு இவ்வளவு இயந்திரம் எதற்கு?

பேரேட்டுக்காரி · திங்கள், காலை 8.15

தனியாள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மாதம் இரண்டு பில், உடனே பணம், வரி எதுவும் கிடையாது என்றால் ஒரு தாளும் வங்கி அறிக்கையும் போதும். யாரையும் மென்பொருள் பக்கம் இழுக்க மாட்டேன்.

ஆனால் ரொக்க அடிப்படையிலும் வந்த 11,000இல் வரி 1,000, வருமானம் 10,000 என்று பிரிக்க வேண்டும். வாடிக்கையாளர் பாதிப் பணம்தான் தந்தால் 5,500க்குள் வரி எவ்வளவு? ஒரே தொகையில் மூன்று பில்லுக்குச் சேர்த்துப் போட்டால்? இதற்கெல்லாம் பதில் பில்லில் இருக்கிறது, வங்கிப் பதிவில் இல்லை. பணத்தை பில்லோடு பொருத்தியிருந்தால், ரொக்க அடிப்படை அறிக்கையையும் அதே பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. பொருத்தாமல் விட்டால் எந்த அடிப்படையிலும் எடுக்க முடியாது.

அப்புறம், யார் இன்னும் தரவில்லை என்பது. வடிவக்காரனுக்கு நான்கு மாதமாக அது தெரியவே வழியில்லை.

தனியாள் · திங்கள், காலை 8.40

பாதிப் பணம் விஷயம் நான் யோசிக்காதது. என் வாடிக்கையாளர்கள் தந்தால் முழுதாகத் தருவார்கள், இல்லாவிட்டால் முழுதாகத் தர மாட்டார்கள்.

நான் குனூகேஷ் என்ற கணக்கு மென்பொருள் வைத்திருக்கிறேன். அதிலும் இதே குழி உண்டு. வங்கிக் கோப்பை ஏற்றிவிட்டு, பில்லில் போய் தனியாகப் பணம் செலுத்தும் பொத்தானையும் அழுத்தினால் வங்கியில் பணம் இரண்டு தடவை வந்ததாக ஆகிவிடும். ஏற்கெனவே ஏறிய வங்கிப் பதிவின் மேல் வலது சொடுக்கு செய்து, அதையே இந்த பில்லுக்கான செலுத்தலாக ஒதுக்கும் வசதி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

சரக்கறைச்சாவி · திங்கள், காலை 10.22

வாங்கும் பக்கத்திலும் இதே கதைதான், யாரும் சொல்லவில்லையே. சப்ளையர் பில்லை ஏற்றும்போது ஒரு செலவு. அவருக்குப் பணம் அனுப்பியதும் வங்கிப் பதிவில் மறுபடி ஒரு செலவு. விற்பனை இரண்டு மடங்கு தெரிந்தால் பதறுவார்கள், செலவு இரண்டு மடங்கு தெரிந்தால் "விலைவாசி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சரக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. பொருள் இன்றைக்கு வரும், பில் பத்து நாள் கழித்து வரும். அந்தப் பத்து நாளும் சரக்கு கையில் இருக்கிறது, கடன் எழுதப்படவில்லை. அதற்காகத்தான் இஆர்பிநெக்ஸ்டில் "வந்த சரக்கு, பில் வராதது" என்ற பொருளில் ஒரு இடைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பொருளைப் பெற்றுக்கொண்ட ரசீதில் ஏறும், பில்லில் இறங்கும். ரசீதோடு இணைக்காமல் பில்லைத் தனியாகப் போட்டால் அது சரியாக இறங்காமல் தேங்கிவிடலாம். எங்கள் கிடங்கில் அந்தக் கணக்கில் இரண்டு வருடத்துத் தூசி இருந்தது. அதைத் துடைத்த கதை வேண்டுமானால்...

வடிவக்காரன் · திங்கள், காலை 10.50

சாவி அண்ணா, எங்களிடம் சரக்கு என்று மூன்று மடிக்கணினியும் ஒரு அச்சுப்பொறியும்தான். ஆனால் வாங்கும் பக்கம் பற்றிச் சொன்னதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சப்ளையர் பில்களை நாங்கள் ஏற்றுவதே இல்லை, வங்கிப் பதிவை நேராகச் செலவில் போடுகிறோம். அதனால் செலவு ஒரு தடவைதான் ஏறியிருக்கிறது. தப்பித்தேன் என்று நினைக்கிறேன்.

இப்போது எப்படிச் சரிசெய்வது? 40 வங்கிப் பதிவில் 17 பூட்டிய மாதங்களில் இருக்கின்றன. முதல் இரண்டு மாதத்து வரி அறிக்கையைக் கொடுத்ததும் நிறுவியவர் பூட்டியிருக்கிறார்.

பேரேட்டுக்காரி · திங்கள், மதியம் 1.10

திறந்திருக்கும் 23ஐ முதலில் முடியுங்கள். ஒவ்வொரு வங்கிப் பதிவிலும் விற்பனைக் கணக்கோடு போட்ட பொருத்தத்தை நீக்கினால் அது பொருத்தப்படாத பதிவாகத் திரும்பி வரும். மென்பொருளைப் பொறுத்து அதுவரை அனாமத்துக் கணக்கில் (எங்கே போக வேண்டும் என்று முடிவாகாததை வைக்கும் தற்காலிகக் கணக்கு) உட்கார்ந்திருக்கும், பயப்பட வேண்டாம். இந்த முறை கணக்கைத் தேர்ந்தெடுக்காமல் பில்லைத் தேர்ந்தெடுங்கள். தொகையும் வாடிக்கையாளர் பெயரும் ஒத்திருந்தால் அதுவே பில்லை முன்மொழியும். முன்மொழிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஒரே தொகையில் இரண்டு வாடிக்கையாளர் இருந்தால் அது தடுமாறும். வங்கிக் குறிப்பில் பில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இனிமேல் பில்லின் அடியில் "பணம் அனுப்பும்போது பில் எண்ணைக் குறிப்பிடவும்" என்று பெரிதாகப் போட்டுவிடுங்கள். பொருத்தும் வேலை பாதியாகக் குறையும்.

பூட்டிய 17க்குப் பூட்டைத் தொடாமலே ஒரு வழி உண்டு. நடப்பு மாதத் தேதியில் ஒரு குறிப்பேட்டுப் பதிவு, அதாவது பில்லோ வங்கிக் கோப்போ இல்லாமல் நீங்களே நேராக எழுதும் பதிவு, போடுங்கள். விற்பனை பற்று, கடனாளிகள் வரவு. கடனாளிகள் பக்கத்தை ஒரே தொகையாகப் போடாதீர்கள். 17 பதிவாக, ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயரோடு போடுங்கள். பெயர் இல்லாவிட்டால் பில்லோடு பொருத்த முடியாது. விளக்கத்தில் எந்தத் தேதி வங்கிப் பதிவைத் திருத்துகிறது என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது உங்களுக்கே மறந்திருக்கும்.

தரவுத்தளத்தான் · திங்கள், மதியம் 1.35

இதில் அக்காவோடு ஒத்துப்போக மாட்டேன். நடப்பு மாதத்தில் விற்பனையைக் குறைத்தால், மாத வாரியாகப் பார்க்கும் அறிக்கையில் முதல் இரண்டு மாதம் வீங்கியும் இந்த மாதம் சுருங்கியும் தெரியும். வருடக் கணக்கு இன்னும் முடியவில்லை. வரி அறிக்கையையும் இது தொடாது என்று நீங்களே சொன்னீர்கள். நிர்வாகி உரிமையில் பூட்டுத் தேதியை முந்தைய தேதிக்கு நகர்த்தி, 17ஐயும் அதே இடத்தில் சரிசெய்து, மறுபடி பூட்டிவிடலாம். ஓடூ என்ற மென்பொருளில் வரிக்கான பூட்டுத் தேதி வேறு, பொதுப் பூட்டுத் தேதி வேறு. இவர் மென்பொருளிலும் அப்படி இருந்தால் வரிப் பூட்டை அசைக்கவே தேவையில்லை.

பேரேட்டுக்காரி · திங்கள், மாலை 4.48

இரண்டு முறையும் சரிதான். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. திறந்த பூட்டை மறுபடி பூட்ட மறந்துவிடுவார்கள், அந்த இடைவெளியில் யாராவது பழைய மாதத்து பில்லில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் போவார்கள். நிறைய இடங்களில் பார்த்துவிட்டேன். ஒருவர் மட்டும் உட்கார்ந்து, ஒரே மூச்சில் முடித்து, உடனே பூட்ட முடியும் என்றால் தரவுத்தளத்தான் சொல்வது போலவே செய்யுங்கள். மாத அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் என்றால் அதுதான் நல்லது. முன்னும் பின்னும் வரி அறிக்கையை அச்சிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் நிறுத்திவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

இந்தப் பூட்டு, பதிவு, வரைவு எல்லாம் கணினிக்காரர்கள் கண்டுபிடித்தவை என்று நினைத்துவிடாதீர்கள். 1494இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில், அங்கே வணிகர்கள் கணக்கு எழுதிய முறையை லூக்கா பச்சியோலி விவரித்திருக்கிறார். அவர் சொல்வது மூன்று ஏடு. நடந்ததை நடந்தபடி குறித்துவைக்கும் நினைவேடு, அதிலிருந்து ஒழுங்குபடுத்தி எழுதும் குறிப்பேடு, அதிலிருந்து கணக்கு வாரியாகப் பிரித்து ஏற்றும் பேரேடு. உங்கள் திரையில் "வரைவு" என்று இருப்பது நினைவேடு. "பதி" என்ற பொத்தானை அழுத்தியதும் மற்ற இரண்டு ஏட்டையும் மென்பொருள் எழுதிவிடுகிறது. அதனால் சந்தேகம் இருக்கும்வரை வரைவிலேயே வைத்திருங்கள். அங்கே எத்தனை தடவை அடித்தாலும் திருத்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வரிசையெண் · திங்கள், மாலை 5.15

ஒரு சின்னச் சேர்க்கை. பில்லே தவறாக இருந்தால், உதாரணமாகத் தொகையோ வாடிக்கையாளரோ மாறியிருந்தால், அப்போதும் அழிக்கக் கூடாது. அந்த பில்லுக்கு எதிராக அதன் தொகையைக் கழிக்கும் ஒரு கிரெடிட் நோட் போட்டு, சரியான பில்லைப் புது எண்ணில் போட வேண்டும். வடிவக்காரனுக்கு இப்போது தேவை இல்லை. என்றாவது தேவைப்படும்.

வடிவக்காரன் · புதன், இரவு 8.55

பேக்கப் எடுத்து, ஒரு நகலில் முதலில் செய்து பார்த்துவிட்டு, இன்று மாலை உண்மையான கணக்கில் செய்தேன். பூட்டைத் திறந்துதான் செய்தேன், முடித்ததும் பூட்டிவிட்டேன். வரி அறிக்கை முன்னும் பின்னும் ஒன்றேதான். விற்பனை 5,00,000! ஒத்துவந்ததைப் பார்த்து மூன்று பேரும் கைதட்டினோம்.

கைதட்டி முடிப்பதற்குள் அடுத்தது. கடனாளிகள் பூஜ்யம் ஆகும் என்று பார்த்தால் மைனஸ் 10,950 காட்டுகிறது. மைனஸ் என்றால் நான் யாருக்காவது தர வேண்டுமா? எல்லா வங்கிப் பதிவையும் கடனாளிகளோடுதான் சேர்த்தேன். இரண்டு மூன்று பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும் பில் கிடைக்கவில்லை. அவற்றை வாடிக்கையாளர் பெயரில் கடனாளிகள் கணக்கில் அப்படியே விட்டேன்.

தனியாள் · புதன், இரவு 9.03

நீங்கள் தர வேண்டியிருக்கிறது என்றால் எனக்குத் தாருங்கள்.

பேரேட்டுக்காரி · புதன், இரவு 9.30

அந்த மைனஸ் நல்ல செய்திதான். ஒளிந்திருந்தது வெளியே வந்திருக்கிறது. மொத்தத் தொகையைப் பார்த்து ஒன்றும் புரியாது. பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று தின்று மிச்சம் 10,950 என்று நிற்கிறது. வாடிக்கையாளர் வாரியான நிலுவை அறிக்கையை எடுங்கள், 30 நாள், 60 நாள், 90 நாள் என்று கட்டம் கட்டிக் காட்டுமே அது. பூஜ்யம் இல்லாதவர்கள் யார் யார், எவ்வளவு என்று எழுதுங்கள்.

வடிவக்காரன் · புதன், இரவு 9.58

மூன்று பேர்தான்.

முதல் வாடிக்கையாளர் மைனஸ் 33,000. இவருக்கு பில்லே போடவில்லை. அடுத்த மாதம் தொடங்கும் வேலைக்கு முன்பணம் தந்திருக்கிறார்.

இரண்டாமவர் பிளஸ் 50. பில் 11,000, வந்தது 10,950. வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர், நடுவில் வங்கி பிடித்துக்கொண்டது.

மூன்றாமவர் பிளஸ் 22,000. பில் 31. இவரிடமிருந்து பணமே வரவில்லை!

40 பில், 40 வரவு என்று எண்ணி நிம்மதியாக இருந்தேன். 39 பில்லுக்குப் பணமும் ஒரு முன்பணமும் சேர்ந்து 40 ஆகியிருக்கிறது.

பேரேட்டுக்காரி · புதன், இரவு 10.20

22,000ஓடு 50ஐக் கூட்டி 33,000ஐக் கழித்தால் மைனஸ் 10,950. எல்லாம் பிடிபட்டுவிட்டது.

50ஐ வங்கிக் கட்டணச் செலவில் எழுதி அந்த பில்லை மூடுங்கள். அடுத்த முறை வங்கிப் பதிவைப் பொருத்தும்போதே வித்தியாசத்தை அங்கே தள்ளிவிடலாம், பெரும்பாலான மென்பொருளில் அதே திரையில் வசதி இருக்கும். பில்லை 10,950 ஆகக் குறைக்கும் யோசனை வந்தால் ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் விற்றது 11,000க்குத்தான்.

33,000 இன்னும் உங்கள் பணம் இல்லை. வேலையைச் செய்து முடிக்கும்வரை அது நீங்கள் தர வேண்டிய கடன். கடனாளிகள் கணக்கிலிருந்து எடுத்து "வாடிக்கையாளர் முன்பணம்" என்று பொறுப்புப் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்து அங்கே மாற்றுங்கள். இறுதி பில் போடும்போது அங்கிருந்து கழித்துக்கொள்ளலாம். முன்பணம் வாங்கிய அன்றே வரி கட்ட வேண்டும் என்று சொல்லும் நாடுகள் உண்டு. உங்கள் இடத்தில் எப்படி என்று வரி ஆலோசகரிடம் நாளைக்கே கேளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சரக்கறைச்சாவி · புதன், இரவு 10.31

என் தூசிக் கதையும் இதேதான். மொத்தத்தில் பார்த்தால் சின்னத் தொகை, பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம்.

தரவுத்தளத்தான் · புதன், இரவு 10.44

வடிவக்காரன், இனி மாதக் கடைசி வரை காத்திருக்காமல் வாரம் ஒரு நாள் வங்கிக் கோப்பை ஏற்றுங்கள். 10 பதிவு என்றால் ஒவ்வொன்றும் யாருடையது என்று நினைவிருக்கும். ஏற்றும்போது முந்தைய கோப்பில் வந்த தேதிகள் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிஎஸ்வியில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் இல்லாவிட்டால், அதே பதிவு இரண்டு தடவை ஏறியதை மென்பொருள் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஏற்றி முடித்ததும் கடைசி இருப்பு வங்கி காட்டும் இருப்போடு ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை.

வடிவக்காரன் · வெள்ளி, காலை 11.15

கடனாளிகள் 22,000. முன்பணம் 33,000 தனியாக. வங்கிக் கட்டணம் 50. ஆலோசகரிடமும் பேசிவிட்டேன்.

அந்த 22,000 வாடிக்கையாளரை அழைத்து, பணம் இன்னும் வரவில்லையே என்று கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். "பில் இன்னும் வரவில்லையே" என்றார் அவரும். அனுப்பிய மின்னஞ்சல்களைத் தேடினேன், இல்லை. பில்லைப் பதிந்திருக்கிறேன், பிடிஎஃப்பும் எடுத்திருக்கிறேன். அது என் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் இரண்டு மாதமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது அந்த பில்லை ரத்துசெய்து இன்றைய தேதியில் புதிதாகப் போடட்டுமா?

பேரேட்டுக்காரி · வெள்ளி, காலை 11.40

வேண்டாம். அந்த மாத வரி அறிக்கையில் அது போய்விட்டது. பில் 31ஐயே, அதே தேதியோடு அனுப்புங்கள். பணம் செலுத்த வேண்டிய கடைசித் தேதியை மட்டும் அவருக்கு இன்றிலிருந்து கணக்கிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலை உங்கள் மென்பொருள் அவருக்கு "60 நாள் தாமதம்" என்று தானாகவே ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடும்.

வடிவக்காரன் · வெள்ளி, காலை 11.52

இன்று காலை 6 மணிக்கே அனுப்பிவிட்டது. மறுபடி அழைக்கப் போகிறேன்.